சிலந்திப் பெட்டிக்கு வைத்த பொட்டு

சித்தப்பா வீட்டில் பூட்டு இல்லாத ஒரே இடம் வாசல் கதவுதான். அது மழையில் ஊறி உப்பிப்போய், சாத்தவே வராது. மற்றதெல்லாம் பூட்டுக்குள் இருந்தது. சர்க்கரை டப்பா சித்தியின் அலமாரியில், செல்போன் சார்ஜர் சித்தப்பாவின் பெட்டியில். நானும் சும்மா இருக்கவில்லை. புது ஜியாமெட்ரி பாக்ஸைத் தலையணை உறைக்குள் போட்டு வாயைத் தைத்துவிட்டேன். மூன்றே பேர் இருந்த வீட்டில் மூன்று பேருக்கும் மற்ற இரண்டு பேர்மேல் சந்தேகம்.

நான் அங்கே போனது ஆறாம் வகுப்பு படிக்க. ஆரணி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. சித்தப்பா கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அப்பா என்னைக் கொண்டுவந்து விட்டபோது வாசலில் நின்றே சொல்லிவிட்டார்: "ஒரே ஒரு புகார் வரட்டும், அன்னிக்கே வந்து இட்டுக்கினு போயிடுவேன். அப்புறம் படிப்பு கிடிப்புன்னு வாயத் தொறக்கக் கூடாது." அந்தப் புகாரைக் கொடுக்கத்தான் சித்தி காத்திருக்கிறாள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். ஆதாரம் இல்லாமல் இல்லை. நான் பிஸ்கட் எடுத்தால் என் முகத்தைப் பார்க்கமாட்டாள், பாக்கெட்டைப் பார்ப்பாள். நான் குளித்துவிட்டு வந்தால் உள்ளே போய் சோப்பைத் தொட்டுப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளை எப்படி நம்புவது?

சித்தப்பாவுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவருக்கு இருந்ததெல்லாம் ஒரு சிலந்தி. கொளத்தூருக்குத் தொட்டி மீன் வாங்கப் போனவர், மீனுக்குப் பதிலாக அதை வாங்கிக்கொண்டு வந்தாராம். உள்ளங்கை அகலம். உடம்பெல்லாம் பழுப்பு முடி. ஒவ்வொரு காலாக யோசித்து எடுத்து வைத்து நடக்கும். ஷிப்ட் முடிந்து வந்து கைகால் கழுவியதும் அவருடைய முதல் வேலை அதற்கு ஒரு கரப்பான்பூச்சி போடுவது. அதற்காகவே தனி டப்பாவில் கரப்பானும் வளர்த்தார். "ஊர்ல இருக்கறவன் கரப்பானுக்கு மருந்து அடிக்கிறான். இந்த மனுசன் சோறு போட்டு வளக்கறாரு. நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?" என்று சித்தி பாத்திரங்களோடு பேசுவாள்.

அந்த வருஷம் சோழவரத்திலிருந்து ஒருவர் பைக்கில் டிபன் பாக்ஸோடு வந்தார். உள்ளே ஆண் சிலந்தி. "பாப்பா, வா, மாப்ள வந்துகிறாரு பாரு" என்று சித்தப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டையும் ஒரே பெட்டியில் விட்டுவிட்டு, மீசை வைத்த இரண்டு பெரிய மனிதர்களும் மூச்சுவிடாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை முன்காலால் தரையைத் தட்டித் தட்டிக் கிட்டே போனார். காரியம் முடிந்ததும் அவரைக் குச்சியால் தள்ளி அவசரமாக டிபன் பாக்ஸில் போட்டு மூடினார்கள். கொஞ்சம் அசந்தால் பெண் அவரைத் தின்றுவிடுமாம். சித்தி அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் நான் சந்தேகத்தோடு குறித்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துச் சித்தப்பா ஆளே மாறிப்போனார். சிலந்திப் பெட்டியைப் பின்னறையில் வைத்து அறையையே பூட்டிவிட்டார். சாவி அரைஞாண் கயிற்றில் ஏறியது. அங்கே இருந்த கிரைண்டரை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அந்த அறையில் எதுவும் அதிரக் கூடாதாம். ஏன் என்று கேட்டால், "கேக்காத" என்பார். பழைய வேட்டியைக் கிழித்து ஒரு பிளாஸ்டிக் கப்புக்குள் தூளி மாதிரி கட்டிக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரம்மா என்னைத் தனியாக மடக்கி, "உங்க சித்தப்பா உள்ள இன்னாமா பண்றாரு? மந்திரத் தகடு கிகடு எழுதறாரா?" என்று கேட்டாள். தெருவில் உட்கார்ந்து மாவாட்ட வேண்டிவந்த சித்திக்கோ வயிறு எரிந்தது. "ஒருநாள் இல்ல ஒருநாள் அந்த ரூமுக்குள்ள பினாயில ஊத்தறேனா இல்லியா பாரு" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. மற்ற ஊர்களில் தீபாவளி எப்படியோ, கும்மிடிப்பூண்டியில் ஆயுத பூஜை அப்படி. லாரிகளெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு மணப்பெண் மாதிரி நிற்கும். கம்பெனி வாசல்களில் பூசணிக்காய் உடைத்த சிவப்பு காயாது. சித்தப்பா காலையிலேயே குளித்துவிட்டு, வீட்டுச் சாவிகளையெல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அரைஞாணில் இருந்த சாவியையும் அவிழ்த்து வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள் என்ற தைரியம். புதுச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனி பூஜைக்குப் போய்விட்டார்.

சித்தி என்னிடம் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் கொடுத்தாள். "எல்லாத்துக்கும் வெய்யி. ஒண்ணக்கூட வுடாத. வுட்டா அது கோச்சிக்கினு ரிப்பேர் ஆயிடும்." நான் சைக்கிளுக்கு வைத்தேன், மிக்சிக்கு வைத்தேன், அரிவாள்மணை, கேஸ் அடுப்பு, குழாய், சித்தப்பாவின் ஹெல்மெட், வாசலில் கிடந்த கிரைண்டர். தலையணையின் தையலைப் பிரித்து என் ஜியாமெட்ரி பாக்ஸுக்கும் வைத்தேன். மிச்சம் இருந்தது பின்னறைதான்.

சித்தி வடை, சுண்டல் எல்லாம் முடித்துவிட்டு முந்தானையை விரித்துக் கூடத்தில் படுத்துவிட்டாள். சாமி முன்னால் கிடந்த சாவியைப் பார்த்தேன். பக்தி பாதி, சந்தேகம் பாதி. உண்மையைச் சொன்னால் சந்தேகம்தான் முக்கால். சரஸ்வதியிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டேன்.

பெட்டியை மூடியிருந்த துணியை விலக்கினேன். சிலந்தி எதையோ மார்போடு அணைத்துக்கொண்டிருந்தது. பஞ்சில் செய்த எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு வெள்ளை உருண்டை. ஓகோ, இதற்குள்தான் எதையோ வைத்திருக்கிறார் என்று தோன்றியது. பெட்டியைத் தூக்கி இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தேன். சிலந்தி உருண்டையை விடவே இல்லை. சரி, வந்த காரியத்தைப் பார்ப்போம் என்று பெட்டி மூடியில் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தேன். சாம்பிராணிப் புகையையும் மூடியைத் திறந்து காட்டினேன். சிலந்தி முன்கால் இரண்டையும் மேலே தூக்கியது. கும்பிடுகிறது! எனக்குப் புல்லரித்துவிட்டது. மூடியைச் சாத்தி, அறையைப் பூட்டி, சாவியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் சித்தப்பா அதை எடுத்துத் திரும்ப அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

அந்த மறுநாள் சாயங்காலம் பின்னறையிலிருந்து சித்தப்பா "ஐயையோ" என்று கத்தினார். நானும் சித்தியும் ஓடினோம். பெட்டியில் உருண்டை இல்லை. நூல் நூலாக ஏதோ வெள்ளையாக ஒட்டிக்கிடந்தது. சித்தப்பா தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முட்டப் பையி. அத்தனையும் முட்ட. இன்னும் நாலே நாள்ல நானே எடுத்துருப்பேன். அது எப்டி உருட்டுதோ அதே மாறி நானே தெனம் உருட்டி, பொரிக்க வெச்சிருப்பேன்." வேட்டித் துணி கட்டிய அந்தக் கப்பைக் காட்டினார். "யாரோ ஆட்டிக்கிறாங்க. ஆட்டுனா பயந்துக்கினு பெத்ததே துன்னுடும். துன்னுட்டுக்கீது பாரு."

அவர் அழுவார் என்று நான் நினைத்ததே இல்லை. அழுதார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எனக்கு உயிர் போய்விட்டது. மூடியில் என் பொட்டு இருக்கிறதே! நாளைக்கு அப்பா வருவார், புத்தகப் பையோடு ஊருக்குப் போகவேண்டியதுதான்.

மூடி பளிச்சென்று இருந்தது. பொட்டு வைத்த அடையாளமே இல்லை. சரஸ்வதியே வந்து துடைத்துவிட்டாள் என்று நம்பினேன். சாமியே நம் பக்கம் என்றதும் தைரியம் வந்துவிட்டது.

"பாப்பா, யாராவது உள்ள போனாங்களா? நீ பாத்தியா?"

"சித்தி போனாங்க. துடைப்பம் எடுத்துக்கினு" என்றேன்.

சித்தி கதவோரம் நின்றிருந்தாள். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவிடம் திரும்பி, "ஆமா, பெருக்கப் போனேன். ஊட்டப் பெருக்காம யாராவது பூச பண்ணுவாங்களா? இப்போ இன்னான்ற?" என்றாள்.

நான் அசந்துபோனேன். பொய்யாகச் சொன்னது நிஜமாகிவிட்டதே! அப்படியானால் சித்தியும் எனக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கிறாள். பெட்டியை ஆட்டியது அவளாகவும் இருக்கலாம். இருக்கலாம் என்ன, அவள்தான். என் சந்தேகம் ஒருநாளும் பொய்த்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

சித்தப்பா அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் சித்தியோடு பேசவில்லை. சாப்பாடெல்லாம் கம்பெனி கேன்டீனில். சித்தி ஆக்கி வைத்த சோற்றில் மறுநாள் தண்ணீர் ஊற்றி அவளே சாப்பிட்டாள். நடுவில் பத்து நாள் பொன்னேரியில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். யாரும் கூப்பிடாமல் தானே திரும்பி வந்தாள். அந்தப் பத்து நாளும் சர்க்கரை டப்பா இருந்த அலமாரி திறந்தே கிடந்தது. என்னைப் பற்றி ஒரு புகாரும் ஊருக்குப் போகவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை அந்த வீட்டில் இருந்துதான் படித்தேன்.

இப்போது அதே கும்மிடிப்பூண்டியில், சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். போன ஆயுத பூஜைக்கு அளவுக் கருவி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்கு நான்தான் பொட்டு வைத்தேன். மறுநாள் துடைத்தால் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவி, நகத்தால் சுரண்டி, சோப்புப் போட்டுத் தேய்த்தும் ரோஸ் கறை நின்றது. தேய்த்துக்கொண்டே இருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டில் இருந்தது மூன்று பேர். சாவி மறுநாள் காலை வரை சாமி முன்னால்தான் கிடந்தது. நான் துடைக்கவில்லை, சித்தப்பாவுக்குத் தெரியவே தெரியாது. அன்று மத்தியானம் சித்தி தூங்கவே இல்லை. அவ்வளவையும் தேய்த்து எடுத்தவளைத்தான் நான் கையை நீட்டிக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

சிலந்திப் பெட்டிக்குப் பொட்டு வைத்ததற்கு மறுவருஷ ஆயுத பூஜையும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சித்தி சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பிளாஸ்டிக்குல மட்டும் கொஞ்சமா வெய்யி கண்ணு. ஒட்டிக்கினா லேசுல போவாது" என்றாள்.

குங்குமத்தில்கூடக் கஞ்சத்தனமா என்று நினைத்துக்கொண்டு, மிக்சி மூடியில் வேண்டுமென்றே பெரிய பொட்டாக ஒன்று வைத்தேன்.