கெஷியர் அக்காவுக்குப் புரையேறிய நாள்

அந்த வீடியோவில் சத்தமே கிடையாது. திருட்டைப் பிடிப்பதற்காக முதலாளி கல்லாவுக்கு மேலே மாட்டிவைத்த கமராவில் பதிவானது அது. ஒரு பெண் பின்னறையிலிருந்து ஓடிவந்து மேசையைப் பிடித்துக்கொண்டு குனிகிறாள். பின்னாலேயே ஒருவன் வருகிறான், முதுகில் அடிக்கிறான், பிறகு இரண்டு கைகளாலும் அவளை வளைத்துப் பிடித்துத் தன்னோடு சேர்த்து இழுக்கிறான். அவ்வளவுதான். அந்த ஒருவன் நான். விஷயம் தெரியாமல் பார்த்திருந்தால், அவனைப் பிடித்து நாலு சாத்து சாத்தவேண்டும் என்று எனக்கே தோன்றியிருக்கும்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு புடவைக்கடையில் நான் விற்பனையாளன். அந்தப் பெண் எங்கள் கெஷியர் அக்கா. கடுகண்ணாவையிலிருந்து இரண்டு பஸ் பிடித்து வந்தாலும் எங்களுக்கு முன்னால் கடை வாசலில் நிற்பார். கணவர் கட்டாரில் வேலை. அக்கா சிரித்தால் தெருவுக்குக் கேட்கும். அதிகமும் என்னை வைத்துத்தான் சிரிப்பார். நகரத்தில் கடைச் சிப்பந்திகளுக்காக ஒருநாள் முதலுதவி வகுப்பு வைத்தார்கள். யார் இல்லாவிட்டால் கடை தடங்கலில்லாமல் நடக்கும் என்று யோசித்து முதலாளி என்னை அனுப்பினார். சான்றிதழோடு திரும்பிவந்தபோது அக்கா கேட்டார்: “நாள் பூரா ரப்பர் பொம்மையக் கட்டிப்புடிச்சதுக்கா தம்பி இந்தக் காகிதம்?” கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

பலாக்காய்ச் சீசன். பின்னறையில் பின்னேரத் தேத்தண்ணிக்கு யாரோ அவித்த பலாக்கொட்டை கொண்டுவந்திருந்தார்கள். அக்கா வாயில் போட்டுக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரித்தார், புரையேறியது. நம்மவர்களுக்குப் புரையேறினால் என்ன செய்வோம்? உச்சந்தலையில் தட்டுவோம். “கட்டார்ல அண்ணன் நெனைக்கிறாரு!” என்று ஒருத்தி தட்டினாள். “ரொம்பத்தான் நெனைக்கிறாரு” என்று இன்னொருத்தி தட்டினாள். தண்ணீர்க் கோப்பையை நீட்டினார்கள். பத்து விரல்களும் தொண்டையைப் பிடித்திருந்ததால் அக்கா அதை வாங்கவில்லை. தன் கோலத்தை யாரும் பார்க்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து கடைக்குள் ஓடினார். பின்னறையில் சிரிப்பு ஓயவில்லை.

வகுப்பெடுத்த யாழ்ப்பாணத்துத் தாதி சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. “இருமுற ஆளை இரும விடுங்கோ. சத்தம் வராட்டித்தான் பயப்பிடோணும்.” அக்காவிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பின்னாலேயே ஓடினேன். முகம் நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. மேசையைப் பிடித்துக் குனிந்து நின்றவரின் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் பலமாகத் தட்டினேன். ஒன்றும் அசையவில்லை. அடுத்தது பின்னால் நின்று வயிற்றை வளைத்துப் பிடிக்கவேண்டும். பொம்மைக்குச் சேலை இல்லை, தாலி இல்லை, தெரிந்த முகமும் இல்லை. சேலைக் கொசுவத்துக்குள் தொப்புள் எங்கே இருக்கிறது என்று தேடுவது என் வேலையா? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியோ தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கையை முட்டியாக மடக்கி வைத்து, மற்றக் கையால் அதைப் பொத்தி, உள்ளுக்கும் மேலுக்குமாக இழுத்தேன், திரும்பவும் இழுத்தேன். பலாக்கொட்டை தெறித்து விழுந்தது. அக்கா இருமிய இருமல் தெருவுக்குக் கேட்டது. நான் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வயிற்றில் அழுத்தியிருப்பதால் டொக்டர் பார்க்கவேண்டும் என்று சொல்லி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. “நம்ம கடையில ஒரு உயிரக் காப்பாத்தியிருக்கோம்” என்று அந்த வீடியோவைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். தலையில் தட்டியதெல்லாம் பின்னறையில் நடந்தது; அதைக் கமரா பார்க்கவில்லை. போகப்போக முதலாளி எழுதிய வரி கழன்றது, அக்கா ஓடிவந்த பகுதியும் கழன்றது. கடைசியில் கட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது கட்டிப்பிடித்தது மட்டும்தான்.

அக்கா என்னைக் கேலி செய்வதை நிறுத்தினார். ‘நீ’ என்று உரிமையோடு கூப்பிட்டவர் ‘நீங்க’ என்றார். பிறகு வேலையை விட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் என்ன தப்புச் செய்தேன்? விட்டிருந்தால் செத்திருப்பாரே. கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. எது யார்மேல் என்று இன்றுவரை பிரித்தெடுக்க முடியவில்லை. இப்போதும் கடையில் யாருக்காவது புரையேறினால் எல்லோரும் தலையில்தான் தட்டுகிறார்கள். சில நேரம் என் கையும் தானாகவே போகிறது.

போன மாதம் அக்காவின் கணவர் லீவில் வந்தார். தொலைபேசியில் கூப்பிட்டு, வீட்டுக்கு வரமுடியுமா என்று கேட்டார். அடி வாங்கத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே கடுகண்ணாவைக்கு பஸ் ஏறினேன். ஆள் நல்ல உயரம். உட்காரச் சொல்லவில்லை. “அன்னைக்குக் கடையில செஞ்சத எனக்குச் செஞ்சு காட்டுங்க தம்பி” என்றார். சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றார்.

பின்னால் போய்க் கையை வைத்தேன். “இப்புடித்தாண்ணே. நல்லா இருக்கிற ஆளுக்கு அமுக்கக்கூடாதுன்னு வகுப்புல சொன்னாங்க.”

“பரவாயில்ல, அமுக்குங்க.”

“வேணாண்ணே.”

“அமுக்குங்கன்னு சொல்றேன்ல!” குரல் உடைந்திருந்தது.

லேசாகத்தான் அழுத்தினேன், அன்றைக்கு இழுத்ததில் கால்வாசிகூட இல்லை. “ஐயோ” என்று மடங்கிக் கதிரையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியபின் என்னைப் பார்க்காமல் குசினிப் பக்கம் திரும்பினார். அக்கா கதவோரத்தில் நின்றிருந்தார்.

“இவ்வளவு வலியா? இத ஏன் நீ எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“வலிச்சுதான்னு நீங்க எங்க கேட்டீங்க?” என்றார் அக்கா.