அந்தக் குரல் என்னுடையது

அவனை அடித்துச் சிதைக்கச் சொன்னவள் நான்தான்.

கையால் தொடவில்லை. ஒரு கல்லைக்கூடப் பொறுக்கவில்லை. கைப்பேசியில் இருக்கும் மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினேன்... அவ்வளவுதான். பேசி முடித்து விரலை எடுத்தேன். எங்கள் குப்பத்தில் அடுப்படியில் நின்றவர்களுக்கும், வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கும், ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்தவர்களுக்கும் ஒரே நேரத்தில் என் குரல் போய்ச் சேர்ந்தது.

"புள்ள புடிக்கிறவன் ஒருத்தன் நம்ம கரையில கீறான். உடாதீங்க. கைகால ஒடிங்க!"

அவன் பிள்ளை பிடிக்கிறவன் இல்லை என்பது எனக்குத் தெரியும். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்... தெரியும்! அவன் பெயர் தெரியும், வேலை தெரியும், வெற்றிலை போட்டால் அவனுக்குத் தலை சுற்றும் என்பதுகூடத் தெரியும்.

நான் தேசம்மாள். மயிலாப்பூருக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய குப்பத்தில் பிறந்தவள். மீன் ஏலம் கூறி வாழ்ந்தவள். படகு கரை ஏறியதும் மீனைக் கொட்டுவார்கள். நான் ஒரு பார்வை பார்த்து விலையைக் கூவுவேன். நான் கூவியதற்கு மேல் பேச்சுக் கிடையாது. கடல் இரைச்சலுக்கு மேலே எழும்பும் குரல் என்னுடையது. அந்தக் குரலுக்காகத்தான் மீன் விற்கும் பெண்களின் சங்கத்துக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். பெரிய அதிகாரி வந்தாலும் எனக்கு நாற்காலி போட்ட பிறகுதான் அவர் உட்காருவார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இருந்தும் எனக்குத் தெரியாமல் எங்கள் கரையில் ஒரு நண்டு வளை தோண்டாது என்பார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இன்றைக்கும் உண்டு. அதை மட்டும் மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் அது என்ன வாக்குமூலம்?

அவன் அரவிந்தன். அலையையும் மணலையும் அளந்து ஆராய்கிற விஞ்ஞானி. அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. நாளைக்கு அலை எவ்வளவு உயரம் வரும் என்று கணித்து அங்கிருந்து எங்கள் கைப்பேசிக்கு அனுப்புவார்கள். எழுத்தாக வந்தால் எங்கள் ஆட்கள் எங்கே படிக்கிறார்கள்? ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, நீங்க எழுதவே வேணாம். இத அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பேசுங்க. நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. உங்க குரலுக்குத்தான் பயப்படுவாங்க."

அழுத்திப் பிடித்தேன். பேசினேன்.

"இன்னிக்கு அல ஜாஸ்தி கீது. எவனும் கடல்ல எறங்காத. எறங்குன... ஊட்டாண்ட வந்து ஒதைப்பேன்!"

குப்பமே சிரித்தது. ஆனால் ஒரு படகும் இறங்கவில்லை. அன்று மாலை வந்த அலையைப் பார்த்ததும் ஆண்கள் படகுகளை இன்னும் மேலே இழுத்துக் கட்டினார்கள். அதற்குப் பிறகு என் குரலைக் கேட்காமல் யாரும் படகைத் தள்ளியதில்லை. பத்திரிகையில் போட்டோ வந்தது. மேடைக்குக் கூப்பிட்டார்கள். சால்வை போட்டார்கள். தொழில்நுட்பத்தைக் கையில் எடுத்த தலைவி என்றார்கள். எடுத்துக் கையில் கொடுத்தவன் கீழே கடைசி வரிசையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தான்...

அவனையா அடிக்கச் சொன்னாய் என்று கேட்கிறீர்கள். ஆமாம். அவனைத்தான்.

ஒருநாள் எங்கள் சமுதாயக் கூடத்தில் சுவரில் ஒரு வெள்ளைத் துணி கட்டி, அதில் குப்பத்தின் படத்தைக் காட்டினான். வானத்திலிருந்து எடுத்த படம். முன்வரிசை வீடுகளின் மேல் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. கொஞ்ச வருடங்களில் கடல் அந்தக் கோடு வரைக்கும் வந்துவிடும், இப்போதே பின்னால் நகர்ந்துவிடுவது நல்லது என்றான். மீன் ஏலம் நடக்கும் என் கொட்டகையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

நான் எழுந்தேன். "இன்னா நைனா, கடலப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா? நான் பொறந்ததே இந்த மணல்ல!"

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. பெற்றவளிடம் விளையாடுகிற சிரிப்பு. "உங்களுக்குக் கடலைத் தெரியும்மா. ஆனா கடலுக்கு நீங்க தலைவின்னு தெரியாதே!"

கூடமே குலுங்கியது. என் எதிரில் வாய் திறக்காத பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவன் என் அண்ணன் மகன் குமார். "அத்தே, கோச்சிக்காத... சார் சொல்றதுல நாயம் கீது" என்றான்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வந்து, ஆக்கி வைத்திருந்த குழம்பைச் சட்டியோடு தூக்கி வாசலில் அடித்தேன்.

எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அவன் போட்ட கோட்டைக் காட்டி எங்களை அப்புறப்படுத்துவார்கள், ஊருக்கு வெளியே மாடி வீட்டில் கொண்டுபோய் அடைப்பார்கள், கடல் இல்லாமல் நாங்கள் சாவோம், ஆகவே அவன் பகையாளி என்று. நல்ல காரணம்தான். பொய்யும் இல்லை. அந்தப் பயம் எங்கள் எல்லாருக்கும் உண்டு. ஆனால் அதற்காகவா செய்தேன்? உங்களிடம் எதற்கு மறைக்க... அந்தச் சிரிப்புக்காகச் செய்தேன்!

அந்தக் கோடையில் கைப்பேசி முழுக்கப் பிள்ளை பிடிக்கிறவர்கள் நிறைந்திருந்தார்கள். எங்கேயோ எடுத்த வீடியோ, யாரோ அழுகிற குரல். பெண்கள் பிள்ளைகளைத் தெருவுக்கே விடவில்லை. அரவிந்தன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னான். "அதெல்லாம் புரளி அம்மா. நீங்க ஒரு வார்த்தை பேசிப் போட்டா அடங்கிடும்." ஆகட்டும் என்றேன். பேசிப் போடவில்லை. அவன் சொன்னதை நான் ஏன் இன்னொரு முறை சொல்ல வேண்டும்?

பிறகு அந்தப் பகல் வந்தது.

வெயில் கொளுத்தியது. நான் கொட்டகை நிழலில் இருந்தேன். தூரத்தில் மணலில் ஓர் ஆள். தலையில் தொப்பி, முகத்தில் துண்டு, கையில் அளவுக் கம்பு. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருப் பெண்குழந்தை ஒன்று நின்றது. அதன் இன்னொரு கையில் பிஸ்கட். நடையைப் பார்த்ததுமே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த கன்னியம்மா கண்ணைச் சுருக்கினாள். "யாருக்கா அது, கொயந்தயாண்ட நிக்கிறது?"

நம்ம சார்டி... இரண்டே சொல். நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு மடியிலிருந்து கைப்பேசியை எடுத்தேன். அதில் பேசியதை முதலிலேயே உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

நாலு தட்டுத் தட்டித் துரத்துவார்கள், அதோடு இந்தப் பக்கம் தலை வைக்க மாட்டான் என்றுதான் நினைத்தேனா? அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கைகாலை ஒடிக்கச் சொன்ன வாய் யாருடையது?

ஓடி வந்தார்கள். எங்கிருந்து அத்தனை பேர் வந்தார்கள்! பக்கத்துக் குப்பத்து ஆட்கள்கூட வந்தார்கள். முதலில் போனவன் குமார். பின்னாலிருந்து துடுப்பால் முதுகில் போட்டான். அரவிந்தன் குப்புற விழுந்தான். ஒருவன் மயிரைப் பிடித்துத் தூக்கினான். ஒருவன் ஐஸ் உடைக்கும் கம்பியால் காலில் இறக்கினான். செங்கல், செருப்பு, மீன் பெட்டியின் பலகை... கைக்குக் கிடைத்தது எல்லாம் அவன்மேல் விழுந்தது. பெரிய மீனைக் கொல்ல அதன் மண்டையில் கட்டையால் போடுவோம். அப்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டது. திரும்பத் திரும்பக் கேட்டது. அதற்குப் பிறகு நான் ஏலக் கொட்டகைப் பக்கம் போவதில்லை.

முகத்துத் துண்டு அவிழ்ந்தது. குமார் பார்த்துவிட்டான்.

"டேய் நிறுத்துங்கடா! நம்ம சாருடா!" என்று அவன்மேல் குறுக்கே விழுந்தான். குமார் முதுகிலும் அடி இறங்கியது. யார் காதிலும் எதுவும் ஏறவில்லை. அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கத்தினான்.

"அத்தே! நீ சொல்லு அத்தே! உன் கொரலுக்குத்தான் நிப்பானுங்க!"

கூட்டத்தின் பின்னால் நானும் வந்திருந்தேன். அங்கேதான் நின்றேன், எட்டிப் பிடிக்கும் தூரத்தில்.

அரவிந்தனும் என்னைப் பார்த்தான். ஒரு கண் மூடிப்போய், வாய் நிறைய ரத்தமும் மணலுமாய்... பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஐயோ, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை! நான் வந்துவிட்டேன், இனிப் பிழைத்தோம் என்று நினைத்திருக்கிறான்!

கடலுக்கு மேலே எழும்புகிற குரல் அப்போது எழும்பவில்லை. தொண்டை அடைத்தது என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். அடைக்கவில்லை. நிறுத்துங்கள் என்றால், பின் எதற்குச் சொன்னாய் என்று கேட்பார்களே... அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு நின்றேன். நான் கணக்குப் போடுகிற வரைக்கும் அவனை அடித்தார்கள்.

உயிர் போகவில்லை. பேச்சு போய்விட்டது. வலது பக்கம் விழுந்துவிட்டது. கடலின் கணக்கைச் சொன்ன தலை இப்போது தோளில் சாய்ந்து கிடக்கிறது.

போலீஸ் வந்தது. யார் குரல் இது என்று வீடு வீடாகப் போட்டுக் காட்டினார்கள். காற்றிரைச்சலோடு இருந்தாலும் எங்கள் குப்பத்தில் பால் மறக்காத பிள்ளைகூட அந்தக் குரலைச் சொல்லிவிடும். ஒருவர்கூடச் சொல்லவில்லை. போலீஸ் வருவதற்கு முன்பே அவரவர் கைப்பேசியிலிருந்து அதை அழித்திருந்தார்கள். தெரியாது சார், தெரியாது சார்... அதற்குள் அது வேளச்சேரி, பெருங்குடி என்று எங்கெங்கோ கைமாறிச் சுற்றியதால், எங்கே பிறந்தது என்று அவர்களாலும் பிடிக்க முடியவில்லை. குமாரையும் இன்னும் சிலரையும் பிடித்துப் போனார்கள்.

ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவன் சொன்னான். "நீ வாயத் தொறக்காத அத்தே. நீ உள்ள வந்தா நம்ம ஜனத்துக்கு யாரு பேசறது?" பிறகு மெதுவாகக் கேட்டான். "உனுக்கு அது சாருன்னு தெரியாதுல்ல?"

தெரியாது என்றேன். அவன் முகம் தெளிந்தது. பிறகு ஜாமீனில் வந்தான். வழக்கு நடக்கிறது.

அண்மையில் தியாகராய நகரில் ஒரு மண்டபத்தில் கூட்டம். அறிவியலும் தொழில்நுட்பமும் தலைமையும் சமுதாயத்தை எப்படி மாற்றுகின்றன என்று நிபுணர்கள் பேசினார்கள். என்னையும் மேடையில் உட்கார வைத்தார்கள். நான் தலையாட்டுவதோடு சரி. அந்த நாளுக்குப் பிறகு பொது இடத்தில் குரலை உயர்த்துவதை விட்டிருந்தேன்.

ஒரு பேராசிரியர் எங்கள் கரையில் நடந்ததை உதாரணம் காட்டினார். கருவி வேகமாக வந்துவிட்டது, அறிவு பின்னால் தங்கிவிட்டது என்றார். ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர், "அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. படிக்காத ஜனங்க. எது வந்தாலும் நம்பிடுவாங்க" என்றார். சபை வருத்தத்தோடு தலையாட்டியது.

எவ்வளவு நன்றாக விளக்கினார்கள்! கைப்பேசி குற்றவாளி, புரளி குற்றவாளி, படிப்பின்மை குற்றவாளி. அவர்கள் சொன்ன கதையில் நான் எங்குமே இல்லை. கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்தானே?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் ஜனம் முட்டாளா? கண்டதையும் நம்பியா அடித்தார்கள்? என்னை நம்பி அடித்தார்கள்! எழுந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினேன்.

"எங்க ஜனத்த அறிவில்லன்னு சொல்லாத! அலய பாத்து, காத்த பாத்துப் பொழைக்கிற ஜனம்! வாய அடக்கிப் பேசு!"

ஏலக் குரல். அத்தனை நாள் அடக்கி வைத்தது மண்டபத்துச் சுவரில் மோதித் திரும்பியது. பிறகு கைதட்டல்... எழுந்து நின்று தட்டினார்கள்!

கூட்டம் முடிந்து காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வயதான அம்மாள் என்னிடம் வந்தார். கோர்ட்டில் தூரத்தில் பார்த்த முகம். அரவிந்தனின் தாய். அவனோடு வேலை செய்தவர்கள் அழைத்து வந்திருக்கிறார்கள். அவர் தன் கைப்பேசியை என் காதோரம் வைத்தார்.

உடாதீங்க. கைகால ஒடிங்க...

"தெனமும் கேட்டுண்டிருக்கேன்" என்றார். "இது யாருன்னு தெரியறதா உங்களுக்கு?"

அதட்டவில்லை. அழவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சுற்றிலும் ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு இடித்தது.

"தெரியாதும்மா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "எனக்கும் இத்தனை நாளாத் தெரியல" என்றார். கைப்பேசியைப் பைக்குள் வைத்தார். "கொழந்தைக்கு ஊட்டணும், நாழியாயிடுத்து" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் இன்றுவரை போலீஸ் என் வாசலுக்கு வரவில்லை. ஏன் அவர் சொல்லவில்லை? நானாக வருவேன் என்று இருக்கிறாரா? பிடித்துக் கொடுத்து மட்டும் என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாரா? உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?

போன வாய்தாவுக்குக் கோர்ட்டுக்குப் போனேன். எப்போதும் முன்னால் உட்காரும் அந்த அம்மாள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோள் இடிக்கும் நெருக்கம். அவர் புடவையில் மருந்து வாசம். குமாரின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து போய்க் கைகட்டி நின்றான். அடுத்த தேதி சொன்னார்கள். முடிந்தது. எல்லாரும் கலைந்தார்கள்.

அவர் எழவில்லை. நானும் எழவில்லை. பெருக்க வந்தவள் எங்கள் கால்களைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள். அவர் காத்துக்கொண்டே இருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை.