கடைசியாக வந்த சீழ்

எழுபதுகளின் தொடக்கத்தில், பொன்னேரிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். லேபில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சரோஜாவைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். எட்டு வருடம் குப்பை கொட்டிய என்னை விட்டுவிட்டு, டாக்டர் சந்தேகம் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்.

பழவேற்காட்டு மீனவர் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. எல்லோரும் டி.பி. என்றார்கள். ஊசி குத்தி எடுத்த சீழில் முதல் குப்பியை மட்டும் பார்த்துவிட்டு, 'கிருமி இல்லை' என்று எழுதினேன்.

சரோஜா எட்டிப் பார்த்தாள். "அண்ணா, காபி கலர்ல இருக்குதே, ஈரல் கட்டி ஒடைஞ்சி மேல வந்திருக்கும். கடைசியா வந்த சீழ் எங்க? அதுலதான் அமீபா கெடைக்கும். சூடு ஆறிட்டா அசையாது, கண்டுபுடிக்க முடியாது."

அவள் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. அதனாலேயே, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் கடைசிக் குப்பியை லைசால் கிருமிநாசினி வாளியில் கவிழ்த்தேன்.

மீதிச் சீழ் எங்கே என்று டாக்டர் கேட்டார். சரோஜா வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என் கை தவறிப் போச்சு சார்" என்றாள்.

அவர் அவளைத் திட்டித் தீர்த்தார். நான் ஸ்லைடைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா நைனா, இன்னொரு வாட்டி குத்தணுமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அந்த மீனவர் துண்டைக் கடித்துக்கொண்டார். இந்த முறை கடைசிச் சீழைச் சரோஜா உள்ளங்கைச் சூட்டிலேயே கொண்டுவந்தாள். மைக்ராஸ்கோப்பில் அமீபா ஊர்ந்தது. மருந்து மாறியது, மனிதர் பிழைத்தார்.

அவள் திறமை மேல் இருந்த பொறாமை சீக்கிரமே தீர்ந்துவிட்டது. எனக்காக அவள் சொன்ன பொய்மேல் வந்த பொறாமைதான் இன்னும் தீரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், காட்டிக் கொடுத்திருப்பேன்.