சங்கத்துக்குக் கொண்டுபோன குக்கர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு சின்ன அறை பிடித்து அக்குபஞ்சர் செய்துகொண்டிருந்தேன். மதுரையில் ஒருவரிடம் முறையாகப் படித்துவிட்டு வந்தவள் நான். தோளைத் தூக்க முடியாத மில் பெண்கள் ஷிப்ட் முடிந்ததும் நேராக என்னிடம்தான் வருவார்கள். இருந்தும் ஊருக்குள் இந்த வேலை செய்கிற எங்களுக்கு ஒரே பெயர்தான்: போலி டாக்டர். டாக்டர் என்று நான் எங்கேயும் போட்டுக்கொண்டதில்லை. போடாத பட்டத்துக்குத் திட்டு வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால்தான் சங்கம் வைக்க நினைத்தேன். செட்டியார்பட்டி, மம்சாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று டவுன் பஸ்ஸில் அலைந்து, இந்த வேலை செய்கிறவர்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்தேன். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காதவர்கள் அவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைத் தலைவராக்கினோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு மாடியில் கூட்டம். "செயலாளர்னா அலையணும், லேடீஸுக்குச் சரிப்படாது" என்று என்னைத் துணைச் செயலாளர் ஆக்கினார்கள். அலைந்து அவர்களைச் சேர்த்தவளே நான்தான்!

கொஞ்ச நாளில் சங்கத்துக்கு வேலை வந்தது. போலி டாக்டர் என்று யாரோ புகார் கொடுத்து, மம்சாபுரத்து உறுப்பினரைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது. நாங்கள் எல்லோருமாகப் போய் ஸ்டேஷனில் நின்றோம்.

"என்ன, பூராப் பேரும் டாக்டரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தலைவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் நான் பேசினேன்.

"ஒருத்தரும் டாக்டர் இல்ல சார். டாக்டர்னு போர்டு வச்சிருந்தா உள்ள போடுங்க. அவரு மருந்து குடுக்கல, மாத்திரை குடுக்கல. படிச்ச வேலைய ஒழுங்காச் செய்யுதாரு. அதுக்கு நான் பொறுப்பு."

மத்தியானம் விட்டுவிட்டார்கள். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் அந்த மனிதர். அடுத்த கூட்டத்துக்கு எல்லோருக்கும் பால்கோவா வாங்கி வந்தார்.

சில வாரம் கழித்து என் அறைக்கு மம்சாபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வயலில் களையெடுக்கிறவள். ஒரு காலை ஊன்ற முடியாமல் புருஷன் தோளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள். சேலையை ஒதுக்கிப் பார்த்தேன். முழங்கால் தேங்காய் பருமனுக்கு வீங்கி, நெருப்பாய்ச் சுட்டது. ஊசி குத்திய இடத்தில் சீழ்.

"யாருட்ட பாத்தீங்க?" என்று கேட்டேன்.

புருஷன் சொன்னான். அதே மனிதர்.

"நீங்கதானம்மா அன்னைக்கு ஸ்டேஷன்ல பொறுப்புன்னு சொன்னீய? நானும் வாசல்ல நின்னு கேட்டேன். அதை நம்பித்தான் இவளைக் கூட்டிட்டுப் போனேன்."

ஆட்டோ பிடித்து இருவரையும் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கீறிச் சீழை எடுத்துக்கொண்டே, "இந்த ஊசிக்காரங்களைச் சும்மா விடக்கூடாது" என்றார்.

"நானும் அதே வேலைதான் செய்யுதேன் டாக்டர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீங்களாவது அவங்களுக்குச் சொல்லுங்க."

அன்றைக்கு நான் கேட்டதில் நியாயமான பேச்சு அது ஒன்றுதான். அது எங்களைப் போலி என்கிறவர் வாயிலிருந்து வந்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலையில் மம்சாபுரம் போனேன். ஊசிகளையெல்லாம் ஒரு சோப்பு டப்பாவுக்குள் பஞ்சில் செருகி வைத்திருந்தார். வருகிற எல்லோருக்கும் அதே ஊசிகள்தான்.

"கொதிக்க வைக்கிறது இல்லையா?"

"ஸ்பிரிட்ல தொடைக்கேன்லா அக்கா. கொதிக்க வச்சா முனை மழுங்கிப் போவுது."

"அந்தப் பொம்பளையப் போய்ப் பாத்தீங்களா?"

"அது அவ சுகர் ஒடம்பு. என் ஊசி என்ன செய்யும்?"

இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் கை ஓங்கிவிடுவேன் என்று தோன்றியது. வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு, ஊசிகளை வேக வைப்பதற்கென்றே நான் வைத்திருந்த பிரஷர் குக்கரைப் பையில் போட்டு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனேன். அந்தப் பெண்ணின் புருஷனையும் வரச் சொல்லியிருந்தேன். உறுப்பினர் இல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்று தலைவர் அவனை மாடிப்படியிலேயே நிறுத்திவிட்டார். நான் குக்கரை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"மேடம் பிரியாணி போடப் போறாக போல" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கும் வரை நின்றேன். பிறகு முழங்கால் கதையைச் சொன்னேன். ஊசியை இதில் வேக வைக்காதவர் சங்கத்தில் இருக்கக்கூடாது, யார் அறைக்கும் யாரும் எந்த நேரமும் போய்ப் பார்க்கலாம், அந்தப் பெண்ணிடம் சங்கம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன்.

"தப்புதான் மேடம், இல்லேங்கல" என்றார் தலைவர். "ஆனா இதைத் தீர்மானமாப் போட்டா டாக்டருங்களுக்கு நாமளே ஆதாரம் குடுத்த மாதிரி ஆயிரும். செத்த பொறுங்க. கவர்மெண்ட் அங்கீகாரம் வரட்டும், பொறவு பாத்துக்கிடலாம்."

"அது வார வரைக்கும் எம்புட்டு முழங்கால் சீழ் வைக்கணும் சார்?"

"பொம்பளைகளைச் சேத்தாலே இப்படித்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மம்சாபுரத்து மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷனில் அவருக்காக வரிசையாக நின்ற ஆட்கள், இப்போதும் அவர் பக்கமே நின்றார்கள். என்னோடு கை தூக்கியவர்கள் இரண்டே பேர்: செட்டியார்பட்டிக்காரரும், சங்கத்தில் என்னைத் தவிர இருந்த ஒரே பெண்ணும்.

குக்கரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். படியில் நின்றவனிடம் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.

"சொல்ல வேண்டாம்மா" என்றான் அவன். "எல்லாம் கேட்டுச்சு."

அதன்பின் நாங்கள் மூன்று பேரும் சங்கத்தை விட்டுத் தனியாக இயங்கினோம். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் அறைக்கு ஒருவர் போவோம், குக்கரைத் திறந்து பார்ப்போம். 'ஊசியை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேளுங்கள்' என்று வாசலில் எழுதி வைத்தோம். மில் பெண்கள் தயங்காமல் கேட்டார்கள். கேட்கக் கேட்க எனக்குத் தெம்பாக இருந்தது. புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்கள் சிலர் எங்களோடு சேர்ந்தார்கள்.

அந்தப் பெண்ணுக்குப் புண் ஆறியது. ஆனால் முழங்கால் பழையபடி மடங்கவில்லை. குத்துக்கால் வைத்து உட்கார முடியாதவளுக்குக் களையெடுப்பில் யார் வேலை கொடுப்பார்கள்? வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு மிட்டாய் விற்றாள். சங்கத்திலிருந்து ஒருவர்கூடப் போய் அவளைப் பார்க்கவில்லை. மம்சாபுரத்து மனிதரைச் செயலாளர் ஆக்கினார்கள்.

பல வருஷம் கழித்து, அவர்தான் எனக்குப் போன் செய்தார். சங்கத்துக்கு ஆண்டு விழாவாம், ஆரம்பித்தவர் என்ற முறையில் எனக்குப் பொன்னாடையாம்.

"ஊசி எப்படி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் ஒருதடவை குத்திட்டுத் தூரப் போடுற ஊசி வந்துட்டே அக்கா. அந்தப் பிரச்சினையே இல்ல."

"சரி. அந்தப் பொம்பளைய இப்பவாவது போய்ப் பாத்தீங்களா?"

"எந்தப் பொம்பள அக்கா?"

நடிக்கிறார் என்று சொல்ல முடியாது. நிஜமாகவே மறந்திருந்தார். ரிசீவரை நான் ஓங்கி வைத்த சத்தத்தில், உள்ளே ஊசியோடு படுத்திருந்த பெண் பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.