வெள்ளை வெளிச்சக்கூடு

என்ரை மனுசி செத்து ஆறு மாசம். ஆண்டுத்திவசம் முடியுமட்டும் எங்கட வீட்டிலை ஒரு கொண்டாட்டமும் இல்லையெண்டு சொல்லிப்போட்டன். சொன்னால் சொன்னதுதான், என்ரை குணம் அப்பிடி. சீனாக்காரரின்ரை நிலாத் திருவிழாவுக்குப் பள்ளிக்கூடத்திலை வெளிச்சக்கூடு செய்தனாங்கள், பார்க்க வாங்கோ எண்டு மகள் கேட்டபோது பாய்ஞ்சு விழுந்தன்.

"செத்தவீட்டுக்காரருக்கு என்னடி விளக்கும் சோடனையும்?"

"அது எங்கட பெருநாள் இல்லையே அப்பா," எண்டாள். பதின்மூண்டு வயசு. தாய் போனதிலையிருந்து ஓம், இல்லை தவிர என்னோடை கதைக்காத பிள்ளை. அவள் வாய் திறந்து கேட்டதுக்காகத்தான் வெளிக்கிட்டன்.

நோர்வேயிலை நாங்கள் இருக்கிற குரோருட்டிலை ட்ரெயின் ஏறி, விழா நடக்கிற ஆத்தங்கரைப் பூங்காவுக்குப் போனம். பொழுது பட்டிட்டுது. கம்பியிலை பட்டுத்துணி சுத்தி, உள்ளுக்கு லைட் போட்ட மீன், முயல், தாமரை எல்லாம் ஆள் உயரத்திலை நிண்டுது. தண்ணிக்கு மேலை சிவப்பும் மஞ்சளுமாய்க் கூடுகள். வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. எனக்குத்தான் மனம் ஒட்டேல்லை.

பிள்ளையளின்ரை கூடுகளைக் கயித்திலை கட்டிக்கொண்டு நிண்டது ஒரு வயசான சீனாக்கார அம்மா. மகள் பையுக்குள்ளையிருந்து தன்ரை கூட்டை எடுத்தாள். ஒரு பூக்கூடக் கீறாத தனி வெள்ளை. அந்த அம்மாவுக்குக் கை அப்பிடியே நிண்டுட்டுது.

"வெள்ளைக்கூடு எங்கட ஆக்கள் செத்தவீட்டு வாசல்லைதான் கட்டுறது," எண்டு நோர்வேஜியத்திலை மெல்லமாய்ச் சொன்னா.

"எங்களிட்டையும் செத்தவீட்டுக்கு வெள்ளைதான்," எண்டாள் மகள். "அம்மாவின்ரை செத்தவீட்டுக்கு என்னை விடேல்லை. அதுதான் இதைச் செய்தனான்."

ஐயோ. நான் பக்கத்திலைதான் நிண்டனான்.

விடாதது நான்தான். ஊரிலை பொம்பிளையள் வீட்டிலையே முகம் பார்த்து அழுது அனுப்பிப்போட்டு நிண்டிடுவினம், சுடலைக்குப் போறேல்லை. இஞ்சை முகம் பார்க்கிறது, கிரியை, எரிக்கிறது எல்லாம் ஒரே கட்டிடத்திலை. அது என்ரை மண்டையிலை ஏறேல்லை. பொம்பிளைப்பிள்ளை சுடலைக்கு வரக்கூடாதெண்டு அவளை வீட்டிலை விட்டிட்டுப் போனன். அங்கை போனால் அயலட்டைப் பொம்பிளையள் எல்லாரும் வந்து முகம் பார்த்துக்கொண்டு நிக்கினம். பெத்த பிள்ளை பார்க்கேல்லை.

அந்த அம்மா கூட்டை வாங்கினா. மற்றக் கூடுகளுக்கு விலத்தி நிண்ட ஒரு மரத்துக் கொப்பிலை அதைத் தனியக் கட்டிவிட்டா. மகள் உள்ளுக்கிருந்த சின்ன லைட்டைப் போட்டிட்டுக் கைகூப்பினாள்.

"பிழை என்ரைதான் பிள்ளை. உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கவேணும்," எண்டன்.

அவள் திரும்பிப் பார்க்கேல்லை. "அண்டைக்கு அம்மாவுக்கு என்ன சாறி உடுத்தினவை?" எண்டு கேட்டாள்.

"கூறைச்சேலை."

"தலை ஆர் சீப்பாலை இழுத்தது?"

"பக்கத்துவீட்டு அன்ரி."

"நான் இழுத்துவிட்டிருப்பன்," எண்டாள். "அம்மாவுக்கு எப்பிடி இழுத்தால் நோகாதெண்டு எனக்குத்தான் தெரியும்."