அத்தை நாடா போட மறுத்த புடவை

மயக்கம் போடுகிற பெண்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நிஜத்தில் யாராவது விழுந்தால் தண்ணீர் தெளிப்பேன், ஓடிப்போய் சோடா வாங்கி வருவேன், அது வேறு விஷயம். கதையில் விழுகிறவர்களைச் சொல்கிறேன். தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது பாடத்தில் ஒரு பழைய பேய்மாளிகை நாவல் வந்தது. அதில் கதாநாயகி மெழுகுவர்த்தி அணைந்தால் மயங்குவாள், திரை ஆடினால் மயங்குவாள். அந்த நாவலில் பெண்களும் ஆணாதிக்கமும் எப்படிக் காட்டப்பட்டிருக்கின்றன என்று நான் கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். நல்லா வந்து மாட்டினேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

நான் முசரவாக்கத்துக்காரி, நெல் விளைகிற வீட்டுப் பெண். விரும்பிக் கட்டிக்கொண்டு பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டுக்கு வந்தவள். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் வேலை. வீட்டின் கூடம் முழுக்க மாமாவின் தறி. மிச்சமிருக்கிற இடத்தில்தான் சாப்பாடு, தூக்கம், என் படிப்பு எல்லாம். மத்தியானம் மாமா சாப்பிட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் போனதும் தறிச் சத்தம் நிற்கும். அப்போது நான் புத்தகத்தை எடுப்பேன்.

"இன்னாம்மா வாய்க்குள்ளயே முணுமுணுக்கற? சத்தமா படி, நாங்களும் கேக்கறோம்" என்றார் அத்தை ஒரு நாள். நாங்கள் என்றால் அத்தையும் நாத்தனாரும். நாத்தனார் தாம்பரம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அந்தச் சமயம் கோபித்துக்கொண்டு வந்து பிறந்த வீட்டில் இருந்தாள். ஏன் வந்தாய் என்று கேட்டால் "சரிப்படல" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பெண் அவள்.

சரிப்படாததற்கு எங்கள் வீட்டில் ஒரு வைத்தியம் உண்டு. கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை வெறுங்கையோடு திருப்பி அனுப்பக் கூடாது. அப்பா தன் தறியில் ஒரு புடவை நெய்து, அதைக் கட்டவைத்து, மாப்பிள்ளையை வரச்சொல்லிக் கூட்டி அனுப்புவார். மாமாவின் தங்கையை அப்படித்தான் அனுப்பினார்களாம். மாமாவும் மகளுக்காக ஒன்றைத் தறியில் ஏற்றிவிட்டார். மயில்கழுத்து நிறத்தில் உடல், அரக்குக் கரை. "தறியிலேர்ந்து புடவை அறுத்ததும் கிளம்பிடும்மா" என்று ஆசையாகத்தான் சொன்னார். அவள் தினமும் ஒரு தரம் தறியைப் பார்ப்பாள், எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று. 

உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் ஒவ்வொரு இழையிலும் இரண்டையும் கோர்க்க வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. மாமா நடுவில் உட்கார்ந்து, நூல் சுற்றிய நாடாவை உடலுக்கு எறிவார். கரைப் பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை எறிவது அத்தை. கல்யாணமான நாளிலிருந்து அத்தைதான். கடைக்காரர் மட்டும் "அண்ணன் நெய்ஞ்ச புடவை" என்பார். அதைக் கேட்டு நான் கோபப்பட்டால் அத்தை, "பேர வச்சி இன்னா பண்ணப்போறேன், பொரிச்சா திங்கப்போறேன்?" என்பார்.

ஆக, ராட்டையில் நாத்தனார் நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றிக்கொண்டிருக்க, அத்தை ஜரிகையைப் பிரித்துக்கொண்டிருக்க, நான் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வேன். கதை இதுதான். பெரிய பிரபு, பெரிய மாளிகை, சின்ன வயது மனைவி. வீட்டில் வேறு பெண்கள் உண்டா என்றால் உண்டு. ஒருத்தி செத்துப்போய்ப் படமாகத் தொங்குகிறாள். ஒருத்திக்குப் புத்தி பேதலித்துவிட்டது. வேலைக்காரி இருக்கிறாள், வாயே திறக்கமாட்டாள். மாளிகையில் உயிரோடு, புத்தியோடு, வாயோடு இருக்கிற ஒரே பெண் நாயகி. அவளும் மயங்கி மயங்கி விழுகிறாள்.

"இத்தினி பேரு இருந்து ஒருத்தியும் ஒருத்திகிட்ட பேசிக்கல பாரு" என்றார் அத்தை. நான் அதை அப்படியே கட்டுரையில் எழுதினேன். மதிப்பெண் என் கணக்கில் சேர்ந்தது.

அன்றைக்குப் படித்த பகுதியில் பிரபு வேட்டைக்குப் போகிறான். போகும்போது மனைவியின் அறையை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறான். அத்தைக்குப் பொறுக்கவில்லை. "பாவி, இன்னா சொல்லிக்கினு பூட்றான்?"

"உன் நல்லதுக்குத்தான், காலம் கெட்டுக் கிடக்குதுன்னு சொல்றான் அத்தை."

ராட்டையைச் சுற்றியபடியே நாத்தனார் சொன்னாள். "அவரும் அதான் சொல்லுவாரு."

"எவரு?"

"உங்க மாப்பிள்ளைதான். வேலைக்குப் போவசொல்ல வெளில பூட்டிக்கினு போவாரு."

அத்தையின் கையிலிருந்த ஜரிகை அப்படியே நின்றது.  அவள் நிறுத்தாமல் சொன்னாள். கல்யாணமான புதிதிலேயே ஆரம்பமாம். மூன்றாவது மாடி. ஒரு நாள் சிலிண்டர்காரர் வந்து பெல் அடித்திருக்கிறார். இவள் ஜன்னல் வழியாக, வீட்டுக்காரர் வந்த பிறகு வாருங்கள் என்றிருக்கிறாள். சிலிண்டர்காரர் பூட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "அந்த ஆளு சிரிச்சதுதான் அண்ணி தாங்கல. தீப்புடிச்சா இன்னா பண்ணுவேன்னு ஒரு தரம் அவர கேட்டேன். உனக்கு எப்பப் பாரு கற்பனைன்னாரு."

அடப்பாவி! அந்தப் புத்தகத்தில் இத்தனை நாளாக நான் பேயைத் தேடிக்கொண்டிருந்தேன். பேய்க்கு அங்கே வேலையே இல்லை. சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் பயம். அது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது, அதுவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பெண் சொல்லி. 

மாமா வந்து தறிக்குழியில் காலை இறக்கினார். "வா, கரை நிக்குது" என்று அத்தையைக் கூப்பிட்டார்.

"நான் வரல. நீங்களே போட்டுக்கோங்க" என்றார் அத்தை. சமையற்கட்டுக்குப் போய்க் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார்.

ஏதோ தலைவலி என்று மாமா நினைத்தார். மறுநாளும் அத்தை வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. எங்கள் தெருவில் கரை நாடா போட ஆளுக்கா பஞ்சம்? ஆனால் வெளியாளைக் கூப்பிட்டால் உன் பெண்டாட்டிக்கு என்ன ஆச்சு என்று தெருவே கேட்கும். மாமா அந்த வம்புக்குப் போகவில்லை. புடவை முந்தானை வரைக்கும் வராமல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வருவதாகப் போனும் வந்துவிட்டது.

சனிக்கிழமை மாமா வெடித்தார். "இன்னாதான் நெனச்சிக்கினு இருக்கற நீ?"

"உம் பொண்ண கேளு" என்றார் அத்தை. மாமாவை ஒருமையில் பேசி நான் கேட்டது அன்று ஒரு தரம்தான்.

நாத்தனார் சொன்னாள். கேட்டுவிட்டு மாமா, "பட்டணம்மா, பாதுகாப்புக்குப் பூட்றாரோ என்னமோ" என்று இழுத்தார். என்னால் அடக்க முடியவில்லை. "அப்போ தேர்த் திருவிழா அன்னிக்கு உங்கள உள்ள வச்சிப் பூட்டிட்டு நாங்க போறோம் மாமா, பாதுகாப்பா இருங்க" என்றேன். மாமனாரிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் அவர் என்னைத் திட்டவில்லை. தறியில் நின்ற கரையை ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு மகளிடம், "நாளைக்கி நான் பேசிக்கறேன்" என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. நாவலிலும் கடைசியில் நல்லவன் ஒருவன் குதிரையில் வந்து கதவை உடைப்பான். அவனுக்காகத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள்.

ஆனால் நாத்தனார், "வேணாம்ப்பா, நானே சொல்லிக்கறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஆப்பிளோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காபி குடித்தார். "கிளம்பலாமா?" என்றார். அவர் எதிரில் போய் நின்றாள் அவள்.  மயங்கி விழுந்துவிடுவாளோ என்று ஒரு கணம் எனக்கே பயம்.

"நான் வரல. பூட்டின ஊட்ல என்னால இருக்க முடியாது. வரவே மாட்டேன்."

 அவர் அவளைத் தாண்டி மாமாவைப் பார்த்தார். "இன்னா மாமா இது? நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

மாமா எழுந்திருக்கக்கூட இல்லை. "என்னை இன்னாத்துக்குக் கேக்கறீங்க மாப்பிள்ளை? அவதான் சொல்றாளே."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார். காலம் கெட்டுக் கிடப்பதைப் பற்றிச் சொன்னார். அத்தை காபி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். மாப்பிள்ளை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். தெருமுனையில் ஆட்டோ கிளம்பிய சத்தம் கேட்டது.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாத்தனார் சுவரில் சாய்ந்து மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். நான் பதறிப்போய்த் தண்ணீர்ச் செம்போடு ஓடினேன்.

"தண்ணி வேணாம் அண்ணி" என்றாள். "பயங்கரமா பசிக்குது. சோறு போடு."

தட்டு நிறையப் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே, சாம்பாரில் உப்பு கம்மி, தட்டு சரியாகக் கழுவவில்லை, பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்கிறாள் என்று பேசினாள், பேசினாள், நிறுத்தவே இல்லை.