இரவல் ஆட்டக்காரி

பெற்ற பிள்ளையை எதிரணிக்கு இரவல் கொடுத்த அப்பாவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எனக்கு வாய்த்தவர் அப்படிப்பட்டவர். சீனி தீர்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு ஆன்டி கிண்ணத்தோடு வந்து நின்றால் கொடுப்போமே, அதுபோல ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கிள்ளானில், அத்தனை பேர் பார்க்க என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்த ஆன்டியாவது கேட்டு வாங்குவார். என்னை யாரும் கேட்கக்கூட இல்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருந்த திடலில் அப்பா பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை ரயில்வேயில், சிக்னல் பழுது பார்ப்பது. வேலை முடிந்து வந்த கையோடு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. அம்மா கேட்டால், "பிள்ளைங்க சும்மாதானே போனை நோண்டிக்கிட்டு இருக்குதுங்க" என்பார்.

அவரிடம் ஆட்டத்தைப் பற்றிச் சில பிடிவாதங்கள் இருந்தன. பந்து தரையில்தான் போக வேண்டும், வானத்தில் போவதற்குப் பறவைகள் இருக்கின்றன என்பார். கோல் கீப்பர் கையில் பந்து கிடைத்தால் ஓங்கி உதைக்கக் கூடாது. இடது பக்கம் நிற்கும் பையனுக்கு அமைதியாக உருட்டிவிட வேண்டும், அங்கிருந்து மூன்று பேராகச் சேர்ந்து முன்னால் கொண்டுபோக வேண்டும். பந்தைத் தொலைத்தவன்தான் முதலில் திரும்பி ஓட வேண்டும். கோல் போட்டவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றக் கூடாது, பந்து கொடுத்தவனிடம் போய்க் கை கொடுக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். சோறு சாப்பிடும்போதுகூட அப்பா ரச டம்ளரையும் உப்பு ஜாடியையும் நகர்த்தி நகர்த்திக் காட்டிக்கொண்டிருப்பார். அம்மா ரசத்தைப் பிடுங்கி ஊற்றிக்கொள்ளும்வரை அந்தப் பாடம் நடக்கும்.

அணியில் நான் ஒருத்திதான் பெண். அது ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை என்னவென்றால் நான் கோச்சின் மகள்.

எங்கள் அணியின் முன்கள ஆட்டக்காரனுக்கு ஒரு அப்பா இருந்தார். எந்த ஆட்டத்துக்கு வந்தாலும் மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார், கோட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்காருவார், உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாருக்கும் கட்டளை போடுவார். அவருக்கு நான் வைத்த பெயர் நாற்காலி அங்கிள். அந்த வருடத்து முதல் ஆட்டத்தில் அப்பா என்னைக் கொஞ்சம் அதிக நேரம் ஆடவிட்டுவிட்டார். அவ்வளவுதான். பெற்றோருடைய வாட்ஸ்ஆப் குழுவில் அங்கிள் பொங்கிவிட்டார். "கோச் பொண்ணுன்னா ஃபுல் டைமா? அப்ப எங்க பிள்ளைங்க தண்ணி தூக்கவா வந்தாங்க?"

நியாயமாகப் பார்த்தால் அப்பா நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்டாரா? இல்லையே! மறு வாரத்திலிருந்து என்னைக் கடைசி ஐந்து நிமிடம்தான் இறக்கினார். சில நாள் அதுவும் இல்லை. பந்தை விட்டுவிட்டுப் பட்டாம்பூச்சியை வேடிக்கை பார்க்கும் பையனெல்லாம் பாதி ஆட்டம் ஆடினான். எல்லாரும் ஆட வேண்டும், அது அப்பாவின் இன்னொரு பிடிவாதம். அந்த எல்லாரிலும் நான் மட்டும் சேர்த்தி இல்லை.

கிள்ளான் போட்டியில் எங்கள் அணி அரையிறுதிக்கு வந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பயிற்சியில் பெரிய மழை. வீட்டுக்கு வந்ததும் நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். ஒரே ஒரு ஆட்டம், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை, ஒரே ஒரு முழு ஆட்டம் ஆட வேண்டும், அதைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னேன். அப்பா நனைந்துபோன ஷூவுக்குள் பழைய நாளிதழைச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு முழு மேட்சும் ஆடுவே. அப்பா சொல்றேன்ல, போய்ப் படு" என்றார்.

ஷூ காயவில்லை. காலையில் அப்பா ஜப்பான் சிலிப்பர், அந்த ரப்பர் செருப்போடுதான் காரில் ஏறினார். "கோச்சாம் கோச்சு, சிலிப்பரோட!" என்று அம்மா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நான் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் எங்கேயும் போனதில்லை.

திடலில் நாற்காலி அங்கிள் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். குட் மார்னிங்கூடச் சொல்லவில்லை.

"கோச், இன்னிக்கு செமி. என் பையன் முன்னால, உங்க பொண்ணு பெஞ்சுல. சரிதானே?"

அப்பா பந்துப் பையைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பந்திங் அணி வேனில் வந்து இறங்கியது. செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள், சிவப்புச் சட்டை. ஒருவனுக்கு முதல் நாளே காய்ச்சலாம். வேனில் இடம் போதாமல் இன்னொருவன் அவன் அப்பாவோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பினானாம், அந்த மோட்டார் வழியில் எங்கோ படுத்துவிட்டதாம். எழுவர் ஆட்டத்துக்கு அவர்களிடம் ஆறு பேர்தான் இருந்தார்கள். ஏழு பேர் இல்லையென்றால் வாக்ஓவர் என்பது போட்டி நடத்தியவர்களின் விதி. அதாவது ஆடாமலேயே நாங்கள் இறுதியாட்டத்துக்குப் போய்விடலாம்.

"கடவுளாப் பார்த்துக் கொடுத்திருக்காரு கோச், வாங்கிக்குங்க" என்றார் நாற்காலி அங்கிள்.

பந்திங் கோச் லோரி ஓட்டுகிறவர், அப்பாவைவிட மூத்தவர். பிள்ளைகளை மறுபடி வேனில் ஏற்ற மனசில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவருடைய பிள்ளைகள் எங்களைப் பார்க்காமல் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்தார், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

"அண்ணே, நான் ஒரு ஆளு தர்றேன். ஆடுவோம்."

"யாரைக் கொடுப்பீங்க? என் பையனைத் தொடாதீங்க!" என்று அங்கிள் நாற்காலியிலிருந்து முதல் தடவையாக எழுந்தார்.

"உங்க பிள்ளைய நான் எப்படிங்க கொடுக்க முடியும்? என் பிள்ளையத்தான் கொடுக்க முடியும்."

போட்டி நடத்தியவர்களில் மைக் வைத்திருந்தவர், "ரெண்டு கோச்சும் ஓகேன்னா எங்களுக்கும் ஓகே லா" என்று சொல்லிவிட்டார். முடிந்தது கதை. என் நீலச் சட்டையைக் கழற்றச் சொல்லி, காய்ச்சல்காரப் பையனுடைய சிவப்புச் சட்டையை மாட்டிவிட்டார்கள். அது எனக்கு முட்டிவரை தொங்கியது. கல்யாணத்தில்கூடப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தாரை வார்ப்பார்கள். அப்பா என் தோளைப் பிடித்து, "அவங்களுக்காக நல்லா ஆடணும். அரை மனசா ஆடினா எனக்குப் பிடிக்காது" என்றார். முழு ஆட்டம் என்று நேற்றுதான் சொன்னார், இன்றைக்கு என்னை வெளியே தள்ளிவிட்டார், பொய்யர், பொய்யர் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. திடலுக்குள் நடந்தேன்.

பந்திங் அணித் தலைவன் ஒரு சுருட்டைத் தலைப் பையன். என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஏய், நீ உண்மையாவே ஆடுவியா, இல்ல நடிப்பியா?"

எனக்கு வந்ததே கோபம்! "பந்த குடுத்துப் பாரு" என்றேன்.

அவர்களுக்குத் தெரிந்த ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். பந்தை வானத்தில் அடிப்பது, அடித்துவிட்டுப் பின்னாலேயே ஓடுவது. என் தலைக்கு மேல் பந்து போய்க்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல், "தரையில! தரையில குடு!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் தெரிந்தது, அது அப்படியே அப்பாவின் குரல். எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆனால் பையன்கள் கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பந்து தரைக்கு வந்தது, என் காலுக்கு வந்தது. எங்கள் அணியில் இத்தனை நாள் யாரும் எனக்கு இத்தனை தடவை பந்து கொடுத்ததில்லை.

நாற்காலி அங்கிளின் மகன் ஒரு கோல் போட்டான். சுருட்டைத் தலையன் ஒன்று திருப்பிப் போட்டான். அதற்கு முந்தின பந்து நான் கொடுத்தது. போட்டதும் நேராக ஓடிவந்து எனக்குக் கை கொடுத்தான், அவனுக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. எனக்கு ஒன்று தெரியும்: எங்கள் கீப்பர் பந்தை எங்கே உருட்டுவான் என்று. ஆனால் அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. அது வீட்டு விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் ஒரு மோட்டார் திடலோரம் வந்து நின்றது. வழியில் மாட்டிக்கொண்ட பையன் இறங்கி ஓடிவந்தான். பந்திங் கோச் நல்ல மனுஷர். ஆட்டம் நின்ற ஒரு நொடியில் அப்பாவைப் பார்த்துக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கோச்! பையன் வந்துட்டான். பாப்பாவ நீங்க எடுத்துக்குங்க, ரொம்ப நன்றி!"

கோட்டை நோக்கி நான் பாதி தூரம் ஓடிவிட்டேன். என் நீலச் சட்டை பெஞ்சின் மேல் கிடந்தது. அப்பா கையை ஆட்டினார்.

"வேணாம்ணே. பையனை வேற யாருக்காச்சும் மாத்துங்க. அவ முழுசும் ஆடட்டும்."

வேணாமாம்! இரவல் வாங்கியவரே திருப்பிக் கொடுக்கிறார், பெற்றவர் வேண்டாம் என்கிறார்! சீனிக் கிண்ணத்தைக்கூட யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். என் கண்ணில் தண்ணீர் முட்டியது. சரி, உங்களுக்கு நான் வேண்டாமென்றால் எனக்கும் உங்கள் வீட்டு விஷயம் வேண்டாம் என்று திரும்பி ஓடினேன்.

அடுத்த தடவை எங்கள் கீப்பர் கைக்குப் பந்து வந்ததும் நான் மெதுவாக அவனுக்கு இடது பக்கம் நகர்ந்து நின்றேன். நாற்காலி அங்கிளுக்கு அது தெரிந்துவிட்டது. "தூர அடிடா! தூர அடி!" என்று அலறினார். கீப்பர் குழம்பிப்போய் அப்பாவைப் பார்த்தான். அப்பா, "நம்ம ஆட்டத்த ஆடுப்பா" என்றார். அவன் உருட்டினான். நான் பாய்ந்தேன். பந்தை எடுத்து, அவனைத் தாண்டி, தரையோடு தரையாக உள்ளே தள்ளினேன்.

சிவப்புச் சட்டைகள் என் மேல் விழுந்து அமுக்கின. அந்தக் குவியலுக்குள்ளிருந்து தலையை நீட்டி முதலில் அப்பாவைத்தான் தேடினேன். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று. அவர் பார்க்கவே இல்லை. குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். கட்டினார், கட்டினார், கட்டிக்கொண்டே இருந்தார். நான் வாழ்க்கையில் போட்ட முதல் கோல்!

ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று முடிந்ததும் பந்திங் கோச் என் தலையில் கை வைத்து, "பாப்பா, பந்திங்குக்கே வந்துடு, வேன் இருக்கு" என்றார். பிள்ளைகள் தங்கள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தில் ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் நாற்காலி அங்கிள் குதித்துக்கொண்டிருந்தார்.

"சொந்தப் பொண்ண விட்டு நம்ம டீமைக் கவுத்துட்டீங்களே கோச்! இப்படி ஆடற பிள்ளைய நம்ம பக்கம் ஆடவிட வேண்டியதுதானே?"

இதைச் சொல்கிறவர் யார் பாருங்கள்! அந்த நாக்குக்கு எலும்பு இல்லைதான், வெட்கமுமா இருக்காது? கீப்பர் பையன் அழுதுகொண்டிருந்தான், அப்பா அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் குழுவில் எல்லாரும் கூடிப் பேசி வேறு கோச்சைக் கொண்டுவந்தார்கள். பந்து வானத்தில் பறக்க ஆரம்பித்தது. நான் ஆடுவதையே விட்டுவிட்டேன்.

அன்று திரும்பும்போது கூட்டரசு நெடுஞ்சாலையில் நல்ல நெரிசல். நான் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"கால் வலிக்குதாம்மா?"

நான் கால்களை மடக்கிச் சீட்டுக்கு மேல் வைத்துக்கொண்டேன்.

"முழு மேட்ச் ஆடினா அப்படித்தான் வலிக்கும்" என்றார்.

கிண்டல் வேறு செய்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

போன வருடம் அம்பாங்கில் அக்கா மகனின் ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஒரு பையன் ஆட்டம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தான். கோச் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அது கோச் மகன்" என்றாள் அக்கா. அப்படியா என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவள், போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை நான் அன்று ஆடினேன். நாற்காலி அங்கிள் ஒரு வார்த்தை கேட்க முடியாத சட்டையில் ஆடினேன். சொன்னதை அந்த மனுஷர் செய்திருக்கிறார்! வாயைத் திறந்து அதைச் சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். பாதி வாழ்க்கை உங்கள் மேல் கோபமாக இருக்கவிட்டீர்களே என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அதெல்லாம் யாரும்மா ஞாபகம் வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"என் கோலையாவது பார்த்தீங்களாப்பா? குனிஞ்சு லேஸ்தானே கட்டிக்கிட்டு இருந்தீங்க?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்போதுதான், கிள்ளானுக்குப் போன காலையில் காரில் அம்மா முணுமுணுத்துக்கொண்டு வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அன்று அப்பா சிலிப்பர்தான் போட்டிருந்தார்.